சுவரோரத்து இடம்

எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில், மேற்குச் சுவருக்கும் ஓர் இளம்பெண்ணின் கல்லறைக்கும் நடுவில் மூன்றடி அகலத்துக்கு ஒரு துண்டு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்காகத்தான் அந்தப் பெண்ணின் தாய் என் வகுப்புக்கு வந்தார். அது அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் நான்.

வகுப்பு என் கைக்கு வந்தபோது எனக்கு வயது இருபத்து நான்கு. எங்கள் குருசேகரத்தில் வேதபாடம் சொல்லித்தந்த உபதேசியார் ஓய்வுபெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. குருசேகரத்தின் மூன்று ஊர்க் கோயில்களையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆயர் ஒருநாள் ஆராதனை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "பெரியவங்க ஞானஸ்நான கிளாஸை நீ எடுத்துக்கோம்மா. பி.எட். படிச்ச பொண்ணு, உனக்குச் சொல்லியா தரணும்" என்றார். என் அப்பா தோல் லாரியில் ஏற்றி இறக்கும் வேலை செய்தவர். அம்மா பீடி சுற்றுகிறவள். இரண்டு பேருக்கும் கைநாட்டுதான். எங்கள் இரு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். "படிச்ச பொண்ணு" என்று ஆயர் சொன்னதை அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் சபையில் சேர விரும்பும் பெரியவர்களுக்கு இரண்டு படிகள் உண்டு. ஆயர் தலையில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது ஞானஸ்நானம். அதன்பின் பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பது திடப்படுத்தல். அதைப் பெற்றவர்தான் திருவிருந்தில் சேரலாம். பேராயர் எங்கள் பக்கம் வருவதற்கு ஒன்றரை வருஷம்கூட ஆகும். ஞானஸ்நானத்தை எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆயரே கொடுத்துவிட முடியும். ஆனால் கொடுத்துவிட்டால் ஆட்கள் வகுப்புப் பக்கமே தலைகாட்டுவதில்லை என்று, பேராயர் வரும் நாளில் இரண்டையும் சேர்த்துச் செய்வது எங்கள் குருசேகரத்தின் பழக்கமாகிவிட்டது. அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

நான் என் பங்குக்கு ஒரு சட்டம் போட்டேன். பரமண்டல ஜெபம், பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம் மூன்றையும் புத்தகம் பார்க்காமல், ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். ஒப்பிப்பவர்களின் பெயர்தான் பட்டியலில் ஏறும். பழைய உபதேசியார் ஆளைப் பார்த்துத் தளர்த்திவிடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னிடம் அது நடக்காது என்று முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்.

வகுப்பு சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில். ஐந்து பேர் சேர்ந்தார்கள். கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்ளப்போகிற ஷூ கம்பெனிப் பெண் ஒருத்தி, ஏ.டி.எம். வாசலில் வாட்ச்மேனாக இருந்த ஓர் அண்ணன், பேசவே பேசாத ஒரு தம்பதி. ஐந்தாவது ஆள் அந்த அக்கா.

நாற்பத்தேழு வயது என்று சொன்னார். பார்த்தால் அறுபது இருக்கும். தோல் பதனிடும் ஷாப்பில் பஃபிங் மெஷினில் வேலை. தோலை உராய்ந்து மழமழப்பாக்கும் அந்த மெஷினிலிருந்து மாவு மாதிரி தூசி பறந்துகொண்டே இருக்கும். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வருவார். புருவத்தில், காது மடிப்பில், ரவிக்கையின் தையலில் எல்லாம் அந்தத் தூசி சாம்பல் நீலமாக ஒட்டியிருக்கும். யாரும் சொல்லாமலே கதவோரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார். அந்த வாசனை எனக்குப் புதிதில்லை. என் அப்பா தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்த வாசனை அது. ஆனாலும் அவர் உள்ளே வந்ததும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தவள் நான்தான்.

முதல் வகுப்பில் ஒவ்வொருவரிடமும், ஏன் ஞானஸ்நானம் பெற விரும்புகிறீர்கள் என்று கேட்டேன். மற்ற நால்வரும் மனந்திரும்புதல், விசுவாசம் என்று ஏதோ சொன்னார்கள். அவர் மட்டும் என்னையே ஒரு கேள்வி கேட்டார்.

"எம் பொண்ணு அண்ட எனக்கு எடம் குடுப்பாங்களா டீச்சரம்மா?"

அவருக்கு ஒரே மகள். நர்சிங் படிக்கப் போன இடத்தில் தானாகவே ஞானஸ்நானம் பெற்றவள். இருபத்திரண்டு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். ஊருக்கு வந்து எங்கள் சபைப் பதிவேட்டில் பெயர் சேர்த்திருந்ததால் எங்கள் கல்லறைத் தோட்டத்தில், சுவரோரமாக அடக்கம் செய்தார்கள். அவளுக்கும் சுவருக்கும் நடுவில் மூன்றடி மிச்சம். "நான் ஒல்லி ஆளு, எனக்கு அது ஜாஸ்தி" என்றார். ஷூ கம்பெனிப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஞானஸ்நானம் பெறாதவருக்கு அங்கே இடம் கிடையாது, பெற்றவருக்கு உண்டு என்றேன். அது உண்மை. ஆனால் எனக்கு உள்ளுக்குள் பிடிக்கவில்லை. ஆறடி மண்ணுக்காகவா கிறிஸ்துவிடம் வருவது என்று நினைத்தேன். ஆயரிடம் சொல்லவும் செய்தேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "எதுக்கோ வர்றாங்க, வரட்டும்மா. நீ பாத்து சொன்னா சரி" என்றார். நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

நான்காவது வாரம் என்று நினைக்கிறேன். பாடப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களில் ஒரு பகுதி வரும். சாகும் ஆபத்தில் இருப்பவர் ஞானஸ்நானம் கேட்டு, ஆயர் வந்து சேர வழியில்லாவிட்டால், ஞானஸ்நானம் பெற்ற எவரும் தண்ணீர் ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் அதைக் கொடுக்கலாம். அது முழுமையான ஞானஸ்நானம். நான் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு விளக்கினேன்.

"அப்ப எங்க சூப்பர்வைசருக்கு நானே ஊத்தலாமா டீச்சர்?" என்றாள் ஷூ கம்பெனிப் பெண். "ஒரு கொடம் ஊத்துறேன், மூச்சு முட்ட."

"அதுக்கு மொதல்ல நீ வாங்கணும்மா. அவரும் சாகக் கெடக்கணும்" என்றார் வாட்ச்மேன் அண்ணன்.

"அவரு என்னிக்கி நல்லா இருந்தாரு?"

எல்லாரும் சிரித்தோம். அந்த அக்கா மட்டும் சிரிக்காமல் கேட்டார். "இன்னா தண்ணி டீச்சரம்மா? கோயில் தண்ணியா?"

"எந்தத் தண்ணியா இருந்தாலும் சரிக்கா."

"பைப்பு தண்ணி?"

"அதுவும்தான்."

"டம்ளர்ல ஊத்தினா போதுமா?"

"போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

படிக்கத் தெரியாதவர் என்பதால் அவர் எல்லாவற்றையும் காதால்தான் கற்றார். நான் இரண்டு முறை சொல்வேன். அடுத்த வாரம் திருப்பிச் சொல்வார். ஆனால் என் வார்த்தைகளில் சொல்ல மாட்டார். விசுவாசப் பிரமாணம் அவர் வாயில் இப்படி வரும்: "பிலாத்து காலத்துல பாடுபட்டாரு, சிலுவைல அடிச்சாங்க, செத்துட்டாரு, பொதச்சாங்க. மூணாம் நாளு எழுந்து வந்துட்டாரு."

"அக்கா, 'பொதச்சாங்க' இல்ல. 'அடக்கம்பண்ணப்பட்டார்'."

"பொதைக்கறதுதான டீச்சரம்மா? நான் பொதச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"புத்தகத்துல எப்படி இருக்கோ அப்படித்தான் சொல்லணும்."

"சரி, சொல்றேன்" என்று மறுபடி தொடங்குவார். பாதியில் இருமல் வந்துவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சுக்குக் காத்து நிற்பார். நானும் கையில் பேனாவுடன் காத்து நிற்பேன். மூச்சு திரும்பியதும் விட்ட இடம் மறந்துபோயிருக்கும். மறுபடி முதலிலிருந்து. நான் குறிப்பேட்டில் அவர் பெயருக்கு நேரே சிறு கோடு போடுவேன். கடைசி வாரம் வரை அந்தக் கோடு டிக் ஆகவில்லை.

பேராயர் வருவதற்கு ஒரு மாதம் முன்பு நான்கு பெயர்களை எழுதி ஆயரிடம் கொடுத்தேன். ஐந்தாவதாக அக்காவின் பெயரை எழுதி, பக்கத்தில் "அடுத்த முறை" என்று போட்டேன். ஆயர் அதைப் பார்த்தார். "இன்னும் தேறலையா?" என்றார். "இல்லை ஐயா" என்றேன். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அக்காவிடம் தனியாகச் சொன்னேன். அவர் சண்டை போடுவார், அழுவார் என்றெல்லாம் எண்ணிப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"அடுத்த தபா எப்போ?" என்றார்.

"ஒன்றரை வருஷம் ஆகும்கா. நல்லா மனப்பாடம் பண்ணிடுங்க."

"அவ்ளோ நாள் தாங்குமா டீச்சரம்மா?"

எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. பொறுமையில்லாமல் பேசுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவர் டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, மெதுவாகப் படியிறங்கிப் போனார். மூன்றே படிகள்தான். நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினார்.

பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரத்தில் வாட்ச்மேன் அண்ணன் வந்து, அக்கா அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், என்னைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார் என்றார். மதியம் போனேன். பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். மூக்கில் ஆக்சிஜன் குழாய். குளித்து, தலைவாரி, வெள்ளை விரிப்பின்மேல் படுத்திருந்தார். உடம்பில் தூசி இல்லாமல் அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். வேறு யாரோ போல இருந்தது. பக்கத்தில் அவருடைய கொழுந்தனார் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் வந்ததும், "பாத்துக்கோம்மா, டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.

"நெஞ்சு முழுக்கத் தோல் தூளுன்னு டாக்டர் சொல்ட்டாரு" என்றார் அக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி. "நான் மனப்பாடம் பண்ணிட்டேன் டீச்சரம்மா. சொல்லட்டா?"

"வேணாம்கா. பேசாதீங்க."

"அப்ப ஊத்தேன்."

கட்டிலருகே இரும்பு மேசையில் பிளாஸ்டிக் பாட்டிலில் பாதித் தண்ணீர். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் கண்ணால் அதைக் காட்டினார்.

"டம்ளர்ல ஊத்தினா போதும்னியே."

எனக்கு அந்தப் பக்கம் நினைவிருந்தது. அதன் ஒவ்வொரு வரியும் நினைவிருந்தது. வாங்காத ஆளில்லை நான். குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவள். ஆயர் அன்று மூன்றாவது ஊர்க் கோயிலில் இருந்தார், அங்கிருந்து மறுநாள் காலையில்தான் திரும்புவார். எல்லாம் பாடத்தில் சொன்னபடியே இருந்தது. நான் போனை எடுத்து ஆயரைக் கூப்பிட்டேன். நிலைமையைச் சொன்னேன். "காலைல ஒன்பது மணிக்கு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுறேன். ரொம்ப முடியலன்னா நீ..." என்றார். லைன் கட்டானது. நான் மறுபடி கூப்பிடவில்லை.

"காலைல ஐயா வர்றாராம். அவர் கையால முறையா வாங்கிக்கலாம்கா" என்றேன்.

பயத்தில் ஊற்றாமல் விட்டேன், தெரியாமல் விட்டேன் என்று பின்னால் எனக்கு நானே பலவிதமாக விளக்கிப் பார்த்திருக்கிறேன். உண்மை இதுதான். ஒரு டம்ளர் தண்ணீரில் முடிகிற காரியம் என்றால், ஆறு மாதம் அவரைக் கதவோரம் காக்கவைத்து நான் செய்ததெல்லாம் என்ன? அந்தத் தண்ணீரை ஊற்றினால் என் பட்டியல் தப்பு என்று ஆகிவிடும். படித்த பெண் போட்ட கோடு தப்பு என்று ஆகிவிடும். அதை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அக்கா டம்ளரிலிருந்து பார்வையை எடுத்தார். பிறகு, "சரி, ஐயாவே வரட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கம்பெனிகளில் ஷிப்ட் சங்கு ஊதும் நேரத்தில் இறந்துபோனார். நான் எட்டரைக்குப் போனபோது குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒன்பதுக்கு ஆயர் வந்தார். கையில் ஜெபப் புத்தகமும் சின்ன வெள்ளிக் கிண்ணமும் இருந்தன. கட்டிலைப் பார்த்ததும் கிண்ணத்தைப் பைக்குள் வைத்தார்.

வராந்தாவில் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "நேத்து நீ கூட இருந்தப்ப வேற யாரு இருந்தா?"

"யாருமில்ல ஐயா."

"நீ ஊத்தினியாம்மா?"

"இல்ல."

ஆயர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லா யோசிச்சு சொல்லு. ஊத்திருந்தா இப்பவே பதிவேட்டுல எழுதிடலாம். கமிட்டில யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. நீ சொன்னா போதும்."

எனக்கு அவர் என்ன சொல்கிறார் என்று புரிந்தது. ஒரே ஒரு ஆமாம். அவர் அந்த ஆமாமுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல ஐயா. நான் ஊத்தல" என்றேன்.

பொய் சொல்லாதவள் என்று அந்த நிமிஷத்தில்கூட முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முந்தின நாள் உண்மையாகவே ஊற்றியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

ஆயர் சபைக் கமிட்டிச் செயலாளருக்குப் போன் செய்து பேசிப் பார்த்தார். பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்று பதில் வந்தது. கொழுந்தனாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. "ஊர் சுடுகாடு இருக்குது, பங்காளிங்க இருக்கோம். செத்ததுக்கப்புறம் மதம் மாத்தி எங்கள பேஜார் பண்ணாதீங்க சார்" என்றார். மதியம் மூன்று மணிக்குப் பறை அடித்து எடுத்துப் போனார்கள். பாலாற்றங்கரை மேட்டில், ஆற்றைப் பார்த்தபடி குழி வெட்டியிருந்தார்களாம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலும் முள்செடியும்தான். மகள் இருக்கிற இடம் அங்கிருந்து நான்கு மைல். நான் பின்னால் நடந்து போனேன். பெண்கள் ஊர் எல்லையோடு நின்றுவிட, நானும் நின்றுவிட்டேன். மண் தள்ளும் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தில் பீடி இலைகளை வெட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"ஒரு சொம்பு தண்ணி ஊத்த உனக்கு இன்னாடி கஷ்டம்?"

"அவங்க இன்னும் விசுவாசப் பிரமாணமே சரியா சொல்லலம்மா."

"நான் சொல்வனா?"

நான் அவளைப் பார்த்தேன்.

"எனக்கு இன்னிக்கும் அது முழுசா வராது. கோயில்ல எல்லார்கூடயும் சேந்து வாய அசைப்பேன், அவ்ளோதான். கல்யாணத்துக்கு முன்ன உபதேசியார் ஐயா என்னக் கேட்டாரு, நான் முழிச்சேன். 'வூட்ல சண்டை போடாம இருப்பியா'ன்னாரு, 'இருப்பேன்'ன்னேன். எழுதிக்கினாரு. இல்லாட்டி உங்கப்பனுக்கு என்னை யாரு கோயில்ல வெச்சுக் கட்டியிருப்பா? நீ எங்கேர்ந்து வந்திருப்ப, படிச்சவ?"

கத்தரியை எடுத்துக்கொண்டு மறுபடி இலை வெட்டத் தொடங்கினாள். 

பேராயர் வந்த நாளில் என் நான்கு பேரும் வெள்ளை உடையில் வரிசையாக நின்றார்கள். ஒரு வார்த்தை பிசகவில்லை. ஆராதனைக்குப் பிறகு பேராயர் என் கையைப் பிடித்து, இவ்வளவு சுத்தமாக ஒப்பிக்கும் சபையை அண்மையில் பார்த்ததில்லை என்று பாராட்டினார். நன்றி சொன்னேன். ஆயர் பக்கத்தில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று அவரிடம் போய்க் கேட்டேன். "யாரும்மா இருக்கா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால் இன்னும் நானேதான் நடத்துகிறேன். ஒப்பிக்கச் சொல்வதில்லை. சேர்ந்து சொல்வோம், வருகிறவர்களுக்கு வரட்டும். அந்தக் கடைசிப் பக்கத்தை இப்போது முதல் வாரமே நடத்திவிடுகிறேன். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய், தலைக்குப் பதிலாக ஒரு தேங்காய்மேல் ஊற்றி, சொல்லவேண்டியதைச் சொல்லிக் காட்டுகிறேன். ஞானஸ்நான விண்ணப்பம் வந்தால் அடுத்த ஞாயிறே கொடுத்துவிடுங்கள் என்று ஆயரை நச்சரிக்கிறேன். சில பேர் அதன்பின் வகுப்புக்கு வருவதில்லைதான்.

போன வருஷ வகுப்பில் ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள், "நீங்க யாருக்காச்சும் இப்படி ஊத்திருக்கீங்களா டீச்சர்?"

"இல்ல" என்றேன்.

தை மாதத்தில் எங்கள் சபையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். தோட்டத்தில் இடம் நெருக்கடியாகிவிட்டது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சுவரோரமாகக் காலால் அளந்து பார்த்து, "மூணடி தாராளமா இருக்குது, இங்கயே தோண்டிடலாம்" என்றார். மற்றவர்களோடு நானும் நின்றுகொண்டிருந்தேன். கடப்பாரை இறங்கியது. மகளுடைய கல்லறை இடிந்துவிடாமல் பக்கவாட்டில் ஒரு பலகையைச் செருகி வைத்துக்கொண்டு தோண்டினார்கள்.